உப்பள மகளிரும் ஒப்பனைச் சட்ட வரலாறும்: மரக்காணத்தை முன்வைத்து

முன்னுரை

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என ஆய்வாளர் பலர் அடையாளங்காண்பர். இந்நெய்தல் நிலத்தில் இன்றும் உப்பு விளைகிறது; அதனை வாரிச் சுமப்போருள் மகளிரும் உளர். வெயில் கருக்கும் தோலுக்கு நிறம் தருவதாக விற்கப்படும் சிவப்பழகு கிரீம்களின் தீங்கைச் சட்ட வரலாற்றின்வழி இக்கட்டுரை நோக்குகிறது.

சட்டம் கடந்த தொலைவு

1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் ஒப்பனைப் பொருள்கள் இடம்பெறவில்லை. 1962ஆம் ஆண்டுத் திருத்தமே அவற்றைச் சேர்த்தது. அவற்றுக்கெனத் தனி விதிகள் 2020இல்தான் வந்தன. அவ்விதிகளின்படி முகப்பூச்சுகளில் தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

தோல்வழிச் சிறுநீரகம்

பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுத்துத் தோலை வெளுக்கச் செய்யும். உட்புகுந்து சிறுநீரகத்தையும் தாக்கும். இதற்கான சான்று அண்டை மாநிலமான கேரளத்தில் கிடைத்தது. கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக வடிகட்டிச் சவ்வு நோய்க்கு ஆளான 22 பேருள் 15 பேரிடம் 'நெல்-1' என்னும் புரதம் காணப்பட்டது. அவருள் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்.

உப்பளத் தொழிலாளரின் சிறுநீரகமோ வெப்பத்தாலும் நீரிழப்பாலும் முன்பே நலிவது. தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்திறன் குன்றியிருந்ததைக் காட்டியது.

முடிவுரை

வெப்பத்தால் தளர்ந்த உறுப்பின்மீது பாதரசமும் சேருமாயின் சுமை மிகும். சட்டம் பொருளை அளக்கிறது. பூசுபவரின் தொழிலை அளப்பதில்லை. ஆதலின், உப்பள மகளிர்க்கான மருத்துவ முகாம்களில் சிறுநீர்ப் பரிசோதனையோடு, 'முகத்திற்கு என்ன பூசுகிறீர்கள்?' என்னும் வினாவும் இடம்பெறுதல் வேண்டும்.