வெறுங்காலின் வெற்றி

விளையாட்டின் வரலாறு நாட்டின் வரலாற்றினின்றும் வேறானதன்று. 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது எழுந்த சுதேசியக் கிளர்ச்சி தணியாதிருந்த காலம் அது. 1911 ஜூலை 29இல், இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்தின் இறுதியாட்டம் கல்கத்தாவில் நிகழ்ந்தது. மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் அணியை எதிர்த்தது. படைவீரர் பாதணி அணிந்து ஆடினர். வங்க வீரரோ ஒருவர் நீங்கலாக யாவரும் வெறுங்காலினர்.

முதற்கோலைப் படைவீரரே போட்டனர். பின்னர் அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி ஆட்டத்தைச் சமமாக்கினார்; முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக்கோலைப் போட்டார். அக்கேடயத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே.

அவ்வாண்டு டிசம்பரில் வங்கப் பிரிவினை நீக்கம் அறிவிக்கப்பட்டது. அதனை இவ்வெற்றியின் விளைவெனல் மிகையாகும். ஆயின், ஆள்வோர் வெல்லற்கரியர் என்னும் எண்ணம் ஆளப்பட்டோர் உள்ளத்தில் அன்று தளர்ந்தது. அதுவே அவ்வாட்டத்தின் பயன்.