ஓடுபாதையில் ஓடிய கார்கள்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில் விமான ஓடுபாதை ஒன்று உண்டு. மோட்டார்ப் பந்தயத்துக்கும் அதற்கும் உறவு ஏது என்று கேட்கத் தோன்றும். அவ்வுறவை அறிய இரண்டாம் உலகப் போருக்குச் செல்ல வேண்டும்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னிரவே துறைமுகத்தை விட்டு அகன்றிருந்த 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் கடலுள் ஆழ்த்தப்பட்டது. முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். விமானந்தாங்கிக் கப்பலாயினும் அதன் தட்டில் அப்போது ஒரு விமானங்கூட இல்லை. அதற்குரிய விமானங்கள் சீனன்குடாவில் தரையிலே நின்றன.

இந்த அடிக்குப் பின்னர், ஓடுபாதைகளும் போர் விமானங்களும் எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்னும் நிலை உண்டாயிற்று. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் கடற்படையினர் விமானத்தளம் அமைத்தனர். 1944இல் பிரித்தானியக் கீழைக் கடற்படை மீண்டும் திருகோணமலைக்கு வந்தபோது, அதன் கப்பல்களில் 'வைல்ட்காட்' என்னும் அமெரிக்கப் போர் விமானங்களும் இருந்தன. போரின் பிற்பகுதியில் இவ்வகை விமானங்களைச் செய்தளித்தது நியூஜெர்சி மாநிலத்து லிண்டன் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை. கார் செய்த கைகளே அங்கு விமானமும் செய்தன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் அங்கிருந்து வெளிவந்தன. போர் முடிந்ததும் தொழிற்சாலை கார் செய்யத் திரும்பியது. அருகிலிருந்த ஓடுபாதை எஞ்சி நின்றது.

அந்த ஓடுபாதையில்தான் 1954ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ஒரு ஸ்டாக் கார்ப் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டியை விடுத்து, எவரும் கடையில் வாங்கக்கூடிய காரையே ஓட்டுவது ஸ்டாக் கார்ப் பந்தயம். சொல்வது எளிது, காப்பது அரிது. 1949 ஜூன் 19ஆம் நாள் சார்லட் நகரில் நாஸ்கார் சங்கம் இவ்வகையில் நடத்திய முதற் பந்தயத்தில் கிளென் டனவே முதலாவதாக வந்தார். காரைச் சோதித்தபோது, கள்ளச்சாராயம் கடத்துவோர் செய்வதைப் போல அதன் வில்கள் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. வெற்றி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்கு வழங்கப்பட்டது. காரின் சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தும் பயனில்லை.

அதுவரை இப்பந்தயங்கள் பெரும்பாலும் நீள்வட்டமான மண் தடங்களிலே நடந்தன. சாரதி இடப்பக்கம் மட்டுமே திரும்பினால் போதும். லிண்டனிலோ இரு பக்கமும் திரும்ப வேண்டியிருந்தது. இரண்டு மைல் சுற்று. ஐம்பது முறை சுற்றினால் நூறு மைல். அயல்நாட்டுக் கார்களுக்கும் அன்று வாயில் திறந்துவிடப்பட்டது. பருத்த ஹட்சன், ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளுக்கு நடுவே இங்கிலாந்தில் செய்த ஜாகுவார் ஒன்றை அல் கெல்லர் ஓட்டினார். அதன் உரிமையாளர் யாரென்று அறிந்தால் வானொலி நேயர்கள் வியப்பார்கள்: புகழ்பெற்ற ஜாஸ் இசைக்குழுத் தலைவர் போல் வைட்மன்!

நேர்ப்பாதையில் பெரிய வண்டிகள் சீறினாலும், வளைவுகள் சிறிய வண்டிக்கே துணை நின்றன. மணிக்கு 77 மைலுக்குச் சற்று அதிகமான சராசரி வேகத்தில் கெல்லர் வென்றார். தரையின் அமைப்பே அவ்வெற்றிக்குப் பாதிக் காரணம் எனலாம். அச்சங்கத்தின் தலையாய தொடரில் அயல்நாட்டு நிறுவனத்தின் கார் மறுபடி வெல்ல 2008 வரை, அதாவது 54 ஆண்டுகள், ஆயின. அந்த முறை வென்றது டொயோட்டா.

போர் விட்டுச்சென்ற ஓடுபாதைகளைப் பந்தயக்காரர் தேடிப் பிடித்தது அமெரிக்காவில் மட்டுமன்று. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் அவ்வாறே பந்தயத் தடமாயிற்று. இலங்கையில் கட்டுக்குருந்தைத் தளத்தில் போருக்குப் பின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் போர்க்கால ஓடுபாதையை, 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தன் களமாக்கிக் கொண்டது.

சோழவரத்தில் 'ஸ்டாக்' என்பதற்கு விதிமுறை எழுதி விளக்க வேண்டிய தேவையே குறைவு. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு இந்தியாவில் கடுந்தடை இருந்த காலம் அது. ஆகவே ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர் என, வீதியில் ஓடியவையே பந்தயத்திலும் ஓடின. காண வந்தவர்கள் தெருவில் நாள்தோறும் பார்த்த அதே வண்டிகள் கொங்கிரீட் தரையில் பறப்பதைக் கண்டு ஆரவாரித்தனர். எவருக்கும் எட்டாத விலையுயர்ந்த வண்டிகளின் ஓட்டத்தில் இந்த நெருக்கம் கிட்டுவதில்லை. 1980களின் இறுதிவரை சோழவரம் அவ்வாறு விளங்கியது. 1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த புதிய தடத்துக்கு மாறியது.

சீனன்குடாத் தளம் 1957இல் பிரித்தானியரிடமிருந்து இலங்கைக்குக் கைம்மாறியது. அங்கே இன்றும் எழுவது விமானங்களின் ஒலியே.