தாத்தா போட்ட ஓட்டு

டிவியில் அமெரிக்கத் தேர்தல் விவாதம் ஓடினால் எனக்கு ஆமத்தூர்த் தாத்தா நினைவுதான் வரும். 1789இல் பிரெஞ்சு சபையில் மன்னர் பக்கத்தவர் வலப்புறம் உட்கார்ந்ததால்தான் 'வலதுசாரி' என்ற சொல் வந்தது என்று புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். தாத்தாவுக்கு அதெல்லாம் தெரியாது. விருதுநகரில் பருப்பு மண்டி, ஓட்டும் அங்கேதான். "வியாபாரத்துல சர்க்காருக்கு என்ன வேலை?" என்பார். 1964இல் அமெரிக்காவில் கோல்ட்வாட்டர் ஏறக்குறைய இதையே பேசித் தோற்றார். இங்கே 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜி, பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யம் என்று சாடினார்.

1967இல் அக்கட்சி தி.மு.க.வோடு கூட்டு. விருதுநகரில் எதிரே நின்றவரோ காமராஜர்! பள்ளிக்கூடம் திறந்தவர், மதிய உணவு போட்டவர், நம்ம ஊர்க்காரர். ஆனால் அரிசித் தட்டுப்பாடு, ஜனங்களுக்குக் கோபம். தாத்தா ராஜாஜி சொல்படி உதயசூரியனுக்குக் குத்தினார். மாணவர் தலைவர் சீனிவாசன் 1,285 ஓட்டில் ஜெயித்தார்.

அன்றிரவு தாத்தா சாப்பிடவில்லையாம். "அவரு தோக்கணும்னு நான் போடலயே" என்று ஆச்சியிடம் புலம்பினாராம். ஆச்சி யாருக்குப் போட்டாள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் ஜெயித்ததாக ரேடியோவில் சொன்னபோது, தாத்தா மண்டியில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.