துண்டு, விசா, தோணி

ராமேஸ்வரம் ரயில் பாம்பன் பாலத்தில் ஏறுவதற்குச் சற்று முன்னால் ‘மண்டபம் கேம்ப்’ என்றொரு நிலையம் வரும். அந்த கேம்ப், இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திவந்த முகாம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் ஆட்களை அங்கே சில நாள் நிறுத்திவைப்பார்கள். காலரா இல்லை, அம்மை இல்லை என்று உறுதியான பிறகுதான் தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையில் போட்மெயில் ஏறுகிறவர் கொழும்புவரை ஒரே டிக்கெட்டில் போக முடிந்தது.

அதற்கு முன்பும் போக்குவரத்துக்குக் குறைவில்லை. காப்பித் தோட்டக் காலத்தில், 1830களிலிருந்தே, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களிடம் யாரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை. இரு கரையும் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தன. தோட்டத் துரைமாருக்கோ ஆள் வேண்டும். 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சியிலேயே ஆள் திரட்டும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். தோட்டத்து மேஸ்திரியான கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, சொந்தக்காரர்களையும் சாதிசனத்தையும் கூட்டிக்கொண்டு போவான். அன்று தொழிலாளியின் தலையெழுத்தைத் தீர்மானித்த காகிதம் ‘துண்டு’. கங்காணிக்கும் தோட்டத்துக்கும் அவன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பது அதில் இருக்கும். அந்தக் கடனை அடைக்க முன்வரும் தோட்டத்துக்கு மட்டுமே அவன் மாறிப் போகலாம். 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள். எந்த நாட்டான் என்ற கேள்விக்கு அந்தத் துண்டில் இடமே இல்லை.

கதவை முதலில் சாத்தியது இந்தியா என்பது இன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1939இல் இலங்கை அரசுத் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். அதற்குப் பதிலடியாக, உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய அரசு தடை செய்தது. அடி விழுந்தது தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்ற பயத்தில் மலைநாட்டில் இருந்தவர்கள் ஊர்ப் பயணத்தையே தள்ளிப்போட்டார்கள். 1942இல் ஏற்கெனவே இலங்கையில் இருந்தவர்களுக்கு மட்டும் தடையைத் தளர்த்தினார்கள்.

இலங்கை சுதந்திரம் பெற்றதும் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1948இல் குடியுரிமைச் சட்டம், அதே ஆண்டில் குடிவரவு, குடியகல்வுச் சட்டம், 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான தனிச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்பவர், 1946 பிறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் தொடர்ந்து இலங்கையில் இருந்ததாக நிரூபிக்க வேண்டும்: மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு. இடையில் பன்னிரண்டு மாதத்துக்குமேல் வெளியே தங்கியிருந்தால் கணக்கு முறிந்துவிடும். லயத்தில் பிறந்தவனிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? ஊரில் தாய்க்குக் காரியம் செய்யப் போய், காய்ச்சலில் விழுந்து, நாள் தவறியவன் அதை எப்படி நிரூபிப்பான்? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

குடிவரவுச் சட்டம் வந்தபின் இலங்கைக்குப் போக விசா வேண்டும்; அது கிடைக்காதவர்களுக்குத் தோணி இருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளை ஹட்டனிலோ பதுளையிலோ விட்டுவிட்டு வந்து தமிழ்நாட்டிலேயே மாட்டிக்கொண்டவர்கள், மாமன் கடையில் வேலைக்கு நிற்கக் கொழும்பு போகும் பையன்கள், அக்கரையில் பெண் கொடுத்த கடற்கரைக் குடும்பங்கள் என்று பலரும் அதில் ஏறினார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். கடலையும் காற்றையும் மணல்திட்டுகளையும் அறிந்தவர்கள் இரு கரையிலும் இருந்தார்கள். துணியும் பீடி இலையும் கடத்திய தோணிகளே ஆட்களையும் ஏற்றின. வழியைத் திறந்தது வறுமை மட்டுமல்ல. நூறாண்டுகளாகக் கங்காணி, கடை, கல்யாணம் என்று பின்னிக்கிடந்த உறவை ஒரு சட்டத்தால் அறுத்துவிட முடியவில்லை.

1952இல் வடக்குக் கரையைக் காவல் காக்க இலங்கை ராணுவத்தை இறக்கினார்கள். 1963இல் கள்ளக் குடியேற்றத் தடுப்புக்கென்றே தனிப் படை அமைந்தது. கரையில் காவல் பலப்பட்டதும் தோணிப் பயணம் ஒரு தொழிலாக இறுகியது: ஆபத்து கூடியது, தரகன் தவிர்க்க முடியாதவன் ஆனான்.

ஆனால் சட்டத்தின் கடுமையைக் கடலைவிட நிலத்தில்தான் அதிகம் பார்க்க முடிந்தது. 1954 ஜனவரியில் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தத்தில் வியப்பூட்டும் விதி ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் இல்லாத வயதுவந்தோர் எல்லாரையும் இலங்கை பதிவு செய்யும். அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவரின் தாய்மொழி இந்திய மொழியாக இருந்தால், அவர் கள்ளத்தனமாகக் குடியேறியவர் என்று கொள்ளலாம், நாடு கடத்தலாம். கடலில் யாரும் பிடிபடத் தேவையில்லை, பேசும் பேச்சே சாட்சி! இதற்கு இந்தியாவும் கையெழுத்திட்டது. ‘கள்ளத்தோணி’ என்ற ஏச்சு, தோணியையே பார்த்திராத, கப்பலில் முறையாகப் போனவர்களின் பேரன்மாருக்கும் விழுந்தது.

1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் இலங்கையில் குடியுரிமையற்றிருந்த 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபின், திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலரை நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள்.

1983இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு தோணிகள் எதிர்த்திசையில் ஓடின. மண்டபம் கேம்ப் அகதி முகாமானது. 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோதும் குடும்பங்கள் அதே நீரிணையைத் தாண்டி அங்கே வந்து சேர்ந்தன. அகதிகளாக வந்தவர்களில் மலையகத்தாரும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள். உரிய ஆவணமின்றி வந்ததால் இந்தியச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாக இருந்தார்கள். திருச்சி முகாம்களில் இருந்த அப்படிப்பட்ட சிலர் இந்தியக் குடியுரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். அவர்கள் விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.