மெடிக்கல் சீட்டும் வெயிட்டிங் லிஸ்ட்டும் – சற்றே நீண்ட ஒரு வரலாறு

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது கையில வச்சுக்கிட்டு உட்காருங்க. நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. பொட்டி தட்டுற சாதாரண மென்பொருள் ஆசாமி. வரிசை, பட்டியல் எல்லாம் என் தொழில்ல தினமும் புழங்குற சமாச்சாரம்கிறதால இந்த விஷயத்துல ஒரு ஈர்ப்பு, அவ்வளவுதான்.

ரயில் டிக்கெட்ல வெயிட்டிங் லிஸ்ட் 14-ன்னு போட்டிருந்தா நமக்கு முன்னாடி 13 பேர்னு தெரியும். மருத்துவப் படிப்புல அந்தக் கொடுப்பினை கிடையாது. ஒரே ஆள் ஒரே நேரத்துல நாலஞ்சு வரிசையில நிப்பான். எந்த வரிசை எப்போ நகரும்னு அவனுக்கே தெரியாது. யாரோ ஒருத்தர் எங்கேயோ ஒரு சீட்டை வேண்டாம்னு சொன்னாத்தான் இவனுக்கு வாழ்க்கை. நம்ம மாநிலத்துல இந்த வரிசை உருவான கதையைத் தோண்டிப் பார்த்தா, பாதிக் கதை கோர்ட்டுலதான் நடந்திருக்கு.

பதினாலு இடத்தைப் பங்கு போட்ட கதை

மதராஸ் மாகாணத்துல கம்யூனல் ஜி.ஓ.ன்னு ஒண்ணு இருந்தது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகள்ல ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படிப் பிரிச்சாங்க: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2 (அன்றைய அரசாணையின் சொல்), ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. ஆக, அப்பவே ஒரே வரிசை கிடையாது. ஆறு வரிசை.

இதை எதிர்த்துப் போனதுதான் செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடலைங்கிறது இதுல ஒரு விசித்திரம். உச்ச நீதிமன்றமே அதைக் குறிப்பிட்டிருக்கு. இருந்தாலும் 1951 ஏப்ரல் 9-ல அரசாணை செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டுல பெரிய கொந்தளிப்பு. ரெண்டே மாசத்துல அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, 15(4) பிரிவு பிறந்தது. அப்போ மத்திய உள்துறை அமைச்சரா இருந்தது யார் தெரியுமா? நம்ம ஓசூர் பக்கத்து தொரப்பள்ளியில பிறந்த ராஜாஜி!

மாவட்டவாரியா கொடுத்தா என்ன?

1960-கள்ல அரசு இன்னொரு வழியை முயற்சி பண்ணிச்சு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் மக்கள்தொகை விகிதப்படி மருத்துவ இடங்கள். கேட்கிறப்போ நியாயமாத்தான் இருக்கு. சேலத்துல இருந்து 1965-ல தருமபுரி மாவட்டம் பிரிஞ்சது. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் அப்போ அதுக்குள்ளதான். இந்த மாதிரி ஊருக்கு அந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா 1968-ல பி.ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து பண்ணிடுச்சு. ஒரு மாவட்டத்துல அதிக மார்க் வாங்கினவன் வெளியே நிக்க, இன்னொரு மாவட்டத்துல கம்மி மார்க் வாங்கினவன் உள்ளே போறது சமத்துவத்துக்கு விரோதம்னு காரணம். சட்டப்படி சரிதான். ஆனா மார்க்கே ஊருக்கு ஊர் வேற மாதிரி விளையுதேங்கிற கேள்வி அப்படியே நின்னு போச்சு. (இந்தக் கேள்வியை ஞாபகம் வச்சுக்கங்க, 2020-ல திரும்ப வரும்.)

அடுத்தது 1970, பெரியகருப்பன் வழக்கு. வெயிட்டிங் லிஸ்ட் வரலாற்றுல என் பார்வையில இதுதான் நாயகன். மாநிலத்துல இருந்த கல்லூரிகளைப் பல யூனிட்டா பிரிச்சு, யூனிட்டுக்கு ஒரு தேர்வுக் குழு போட்டாங்க. மொத்தம் 275 மார்க்ல நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75. ஒரு யூனிட்ல சீட் கிடைக்கிற மார்க்குக்கு இன்னொரு யூனிட்ல காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும். எந்தக் குழு முன்னாடி உட்கார்றோம்கிறது தலையெழுத்து.

யூனிட்வாரித் தேர்வு செல்லாதுன்னு சொன்ன உச்ச நீதிமன்றம், நிரப்பாம வச்சிருந்த 24 இடங்களுக்குப் புதுசா ஒரு குழு போடச் சொன்னது. பழைய குழுக்கள்ல இருந்த யாரும் அதுல இருக்கக் கூடாது. அந்தக் குழு வழக்குப் போட்டவங்களை மட்டும் கூப்பிட்டா போதாது, எல்லா யூனிட்லயும் காத்திருப்போர் பட்டியல்ல இருந்தவங்களையும் கூப்பிடணும்னு உத்தரவு! கோர்ட் படியேறக் காசில்லாம ஊர்ல உட்கார்ந்திருந்த பையனுக்கும் ஒரு வாய்ப்பு. இதைப் படிச்சப்போ உண்மையிலேயே எழுந்து நின்னு கை தட்டணும்னு தோணுச்சு.

ரெண்டு பட்டியல்

1984-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில நுழைவுத் தேர்வு வந்தது. இடஒதுக்கீடு 69 சதவீதம்னு ஆனது. 1992-ல மண்டல் வழக்குத் தீர்ப்பு 50 சதவீத உச்சவரம்பு வச்சதும், ஜெயலலிதா அரசு 1993-ல தனிச் சட்டம் போட்டு, 1994-ல அதை ஒன்பதாவது அட்டவணையில சேர்க்க வச்சது.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். வாய்ஸ் கன்ஸ்யூமர் கவுன்சில் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 69 சதவீதப்படி ஒரு பட்டியல் போடு, 50 சதவீதமா இருந்திருந்தா யார் யார் வந்திருப்பாங்கன்னு இன்னொரு பட்டியல் போடு, ரெண்டாவதுல இருந்து முதல் பட்டியல்ல இல்லாத ஆட்களுக்குக் கூடுதலா சீட் உருவாக்கிக் கொடு. பல வருஷம் இது நடந்தது. அதாவது, நடக்காத ஒரு உலகத்துக்கும் ஒரு பட்டியல் தயாரிச்சு, அதுல பாஸானவனுக்கு நிஜ உலகத்துல சீட். நம்ம தொழில்ல இதை ரெண்டு வெர்ஷனையும் ஓட்டி வித்தியாசம் எடுக்கிறதுன்னு சொல்லுவோம் :-)

நாப்பது கிலோமீட்டர் தள்ளி

ஓசூர்க்காரனுக்கு சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல. பெங்களூர் 40 கிலோமீட்டர். வேலை, மார்க்கெட், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அத்திப்பள்ளி தாண்டித்தான் போவோம். ஆனா மெடிக்கல் சீட் மட்டும் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டாது. அரசு இடம் வேணும்னா அவனவன் சொந்த மாநிலம்.

கர்நாடகத்துல 1989-ல ஒரு அறிவிப்பு வந்தது. தனியார் மருத்துவக் கல்லூரியில அரசு ஒதுக்கீட்டு மாணவருக்கு வருஷத்துக்கு 2,000 ரூபாய். மத்த கர்நாடக மாணவருக்கு 25,000. வெளிமாநிலத்தவருக்கு 60,000. பெங்களூர்ல இருந்து சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பீதர்க்காரர் உள்ளூர். 40 கிலோமீட்டர்ல இருக்கிற ஓசூர்க்காரர் வெளியூர். இந்த 60,000-ஐக் கட்ட முடியாத உத்தரப்பிரதேசத்து மோகினி ஜெயின், துமகூர்ல இருக்கிற ஒரு கல்லூரி சம்பந்தமா போட்ட வழக்குதான் 1992-ல கேபிடேஷன் கட்டணத்துக்கு எதிரான பிரபலமான தீர்ப்பைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே உன்னிகிருஷ்ணன் வழக்குல அதைக் கொஞ்சம் மாத்தி, இலவச இடம், கட்டண இடம்னு பிரிச்சாங்க.

இந்தப் பக்கமும் சிக்கல் உண்டு. அப்பாவுக்கு பெங்களூர்ல வேலைன்னு பிள்ளையை அங்கேயே படிக்க வச்சுட்டா, தமிழ்நாட்டுல இருப்பிடச் சான்று, பெற்றோர் படிச்ச சான்றுன்னு தாலுகா ஆபீஸுக்கு நடக்கணும். எல்லையில வாழறவனுக்கு ரெண்டு மாநிலமும் சொந்தம்னு சொல்லுவாங்க. விண்ணப்பப் படிவத்துல எந்தக் கட்டமும் சொந்தம் இல்லை.

வரிசை எப்படி நகரும்?

2006-ல் கொண்டுவந்த சட்டத்தால 2007-ல இருந்து நுழைவுத் தேர்வு போச்சு. பிளஸ் டூ மார்க் மட்டும்தான். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. கட்-ஆஃப் 198.75, 198.5ன்னு கால் மார்க்ல ஊசலாடும். ரெண்டு பேர் ஒரே மார்க்னா உயிரியல் மார்க், அப்புறம் வேதியியல், அப்புறம் நாலாவது பாடம், அப்புறம் பிறந்த தேதி, கடைசியா ரேண்டம் நம்பர்! ஊத்தங்கரைப் பள்ளிகள் மாநில முதலிடங்களை அள்ளினது இந்தக் காலத்துலதான்.

இப்போ ஒரு உதாரணம். சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்த ஒருத்தர் எய்ம்ஸ் கிடைச்சுப் போறார். அந்த இடத்துக்கு ஸ்டான்லியில இருக்கிறவர் ஏறுவார். ஸ்டான்லிக்குக் கீழ்ப்பாக்கம், கீழ்ப்பாக்கத்துக்கு சேலம், சேலத்துக்கு தருமபுரி. சங்கிலி மாதிரி எல்லாரும் ஒரு படி ஏற, கடைசியில யாருக்கும் அவ்வளவா வேண்டாத கல்லூரியில ஒரு இடம் காலியாகும். அதுதான் காத்திருப்போர் பட்டியல்ல முதல்ல இருக்கிறவருக்கு. அதுவும் காலியான இடம் எந்தப் பிரிவோ அந்தப் பிரிவு வரிசைதான் நகரும்.

அதனால நம்ம ரேங்க்கை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நமக்கு மேல இருக்கிறவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் கணக்கு வரும். 1952-லயே அமெரிக்காவுல டாக்டர்களுக்குப் பயிற்சி இடம் ஒதுக்க, எல்லார் விருப்பத்தையும் மொத்தமா வாங்கிப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்துட்டாங்க. அந்தத் துறை ஆராய்ச்சிக்கு 2012-ல நோபலே கிடைச்சது. நாம சுற்று சுற்றா ஓடிக்கிட்டு இருக்கோம்.

இதுக்கு ஒரு கடைசி மணியும் உண்டு. 2002-ல மது சிங் வழக்கு, 2005-ல மிருதுள் தர் வழக்கு. செப்டம்பர் 30-க்கு மேல சேர்க்கை கிடையாது, இடம் காலியா இருந்தாலும் கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் கறாரா சொல்லிடுச்சு. 2022-ல முதுநிலையில 1,456 இடம் காலியா கிடந்தும் இன்னொரு சுற்று நடத்த மறுத்துட்டாங்க. வகுப்பு தொடங்கி மாசக்கணக்குல ஆனபிறகு வந்து சேர்ந்தா படிப்பு என்ன ஆகும்கிறது அவங்க வாதம். அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா 2019 டிசம்பர்ல கிருஷ்ண ஸ்ரதா வழக்குல ஒரு ஜன்னலைத் திறந்து வச்சாங்க: தகுதி இருந்தும் அதிகாரிகள் தப்பால சீட் இழந்த மாணவர் உடனே கோர்ட்டுக்கு வந்தா, அபூர்வமான சந்தர்ப்பத்துல அந்த வருஷமோ அடுத்த வருஷமோ சீட் தரலாம். 'உடனே'ங்கிற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கங்க.

ரெண்டே ரெண்டு நாள்

2017-ல நீட் வந்து மொத்தக் கணக்கும் மாறிப்போச்சு. 200-க்கு 196.75 வாங்கின அரியலூர் அனிதா அந்த வருஷம் செப்டம்பர் 1-ல நம்மை விட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அரசுப் பள்ளியில படிச்சு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போறவங்க எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அதனாலதான் 2020-ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. முதல் வருஷமே, தனியார் கல்லூரி இடங்களையும் சேர்த்து, எண்ணிக்கை 300-ஐத் தாண்டிச்சு. ராஜேந்திரன் வழக்குல பாக்கி நின்ன கேள்விக்கு 52 வருஷம் கழிச்சு ஒரு பதில். 2022 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றமும் இது செல்லும்னு சொல்லிடுச்சு.

ஆனா அந்த முதல் கவுன்சிலிங்ல நடந்ததுதான் நெஞ்சை அறுக்குது. 2020 நவம்பர் 18-ல சென்னை நேரு ஸ்டேடியத்துல தொடங்கினாங்க. அரசுக் கல்லூரி இடங்கள் தீர்ந்ததும் தனியார் கல்லூரி இடங்கள். லட்சக்கணக்குல கட்டணம். கட்ட முடியாதுன்னு சில பிள்ளைங்க வேண்டாம்னு சொல்லிட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டாங்க. நவம்பர் 20-ல, கட்டணத்தை அரசே ஏத்துக்கும்னு அறிவிப்பு வந்தது. ரெண்டு நாள்! முன்னாடியே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டவங்க கோர்ட்டுக்கு அலைய வேண்டியதாப் போச்சு.

இதை எல்லாம் நான் தோண்ட ஆரம்பிச்சதே எங்க மாமா பொண்ணாலதான். மாமா ஓசூர் சிப்காட்ல மெஷின் ஆபரேட்டர். அவ பேர் ஒவ்வொரு சுற்றுலயும் பட்டியலோட ஓரத்துல நின்னுச்சு. பக்கத்து மாநிலத்துல ஒரு தனியார் இடத்துக்கு ரெண்டு நாள்ல பணம் கட்டச் சொன்னாங்க. கட்டிட்டா இங்க வரிசையை மறந்துடணும். கட்டாட்டி அதுவும் போயிடலாம். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானேடா மாப்ள, என்ன பண்ணலாம் சொல்லு"ன்னு மாமா கேட்டார். எந்த கம்ப்யூட்டராலயும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. நிலத்தை வித்தாத்தான் பணம். அவளே வேண்டாம்னு சொல்லிட்டா. கடைசிச் சுற்று வரைக்கும் வரிசை அவகிட்ட வரலை. இப்போ பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறா, நல்லாவே படிக்கிறா.

வாசல்லயே ஒரு கல்லூரி

1986-ல சேலத்துல அரசு மருத்துவக் கல்லூரி. 2008-ல தருமபுரியில. 2022 ஜனவரி 12-ல ஒரே நாள்ல 11 புது அரசுக் கல்லூரிகள் திறந்தாங்க, மொத்தம் 1,450 இடம். அதுல ஒண்ணு கிருஷ்ணகிரி பக்கத்து போலுப்பள்ளியில, 150 இடம். எல்லா இடமும் நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு இல்லைதான். 1968 தீர்ப்பு அப்படி. ஆனா வரிசையோட நீளத்தை உண்மையிலேயே குறைக்கிறது கூடுதல் இடம் மட்டும்தான். மத்ததெல்லாம் வரிசையில யார் எங்க நிக்கணும்கிற சண்டை.

நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததா 2025 ஏப்ரல்ல சட்டசபையில அறிவிச்சாங்க. அகில இந்திய ஒதுக்கீட்டுல மிஞ்சுற இடம் முன்னெல்லாம் மாநிலத்துக்குத் திரும்பி வரும், நம்ம காத்திருப்போர் பட்டியல் கொஞ்சம் நகரும். 2021-22-ல இருந்து அந்த வழியும் மூடியாச்சு. விதி வருஷா வருஷம் மாறும். அதனால வீட்டுல யாராவது விண்ணப்பிக்கிறாங்கன்னா, போன வருஷம் படிச்ச அண்ணன் சொன்னதை நம்பாதீங்க. அந்தந்த வருஷத் தகவல் கையேட்டை வரி விடாம நீங்களே படிங்க. எந்தச் சுற்றுக்கு அப்புறம் விலக முடியாதுன்னு பார்த்து வச்சுக்கங்க. சான்றிதழ்களை மே மாசமே வாங்கிடுங்க.

பெரியகருப்பன் வழக்குல அந்த 24 இடத்துல யார் யார் சேர்ந்தாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு. அவங்க இப்போ எழுபது வயசு தாண்டின டாக்டர்களா இருப்பாங்க. உங்க ஊர்ல அப்படி யாரையாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க மக்களே.