விவாகரத்துச் செலவு (தென்காசி, குற்றாலம்)

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் மணமுறிவு வழக்குக்கு ஆகும் செலவு. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. மேல்முறையீடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும்.

மனுவுக்கான நீதிமன்றக் கட்டணம் சிறு தொகைதான். பணம் கரைவது வக்கீல் ஃபீசிலும் வாய்தாவிலும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. சாரல் சீசனை நம்பி அருவிக்கரையில் கடை போட்டிருப்பவருக்கு அந்த ஒரு நாளே பெரிய இழப்பு. இருவரும் ஒத்துப்போனால், இந்துத் திருமணச் சட்டம் (1955) 13பி பிரிவில் சேர்ந்து மனு செய்வதே சிக்கனம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்தபின் வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பலருக்குத் தெரியாமலே போகும் உரிமை ஒன்றை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி (1987) பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், வக்கீல் உதவி இலவசம். போதிய வருமானம் இல்லாதவர், மனைவியோ கணவனோ, வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் எதிர்த்தரப்பிடம் இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் கேட்கலாம். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மனைவி, அதே சட்டத்தின் 2003 திருத்தத்தின்படி, தான் குடியிருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். கணவர் சென்னையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை.