பாலத்தைத் தின்ற உப்பு

துருப்பிடித்தல் பாடத்தில் வெறும் நீரில் ஓர் ஆணியையும் உப்புநீரில் ஓர் ஆணியையும் இட்டுக் காட்டுகிறோம். உப்புநீரில் கிடப்பதே விரைந்து துருவேறும். இச்சோதனையின் பேருருவை ஒரு பாலத்தின் வரலாற்றில் கண்டேன். அதனை ஆசிரியர்களுடனும் பெற்றோர்களுடனும் பகிர விழைகிறேன்.

கனடாவின் மொண்ட்ரியால் நகரில், செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின்மீது 1962-ஆம் ஆண்டு சாம்ப்ளேன் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர். உறைபனியில் வாகனங்கள் சறுக்காதிருக்கச் சாலையில் உப்புத் தூவும் வழக்கம், இரண்டாம் உலகப் போருக்குப்பின் வட அமெரிக்காவில் பரவியது. உயிர் காக்கும் நல்ல வழக்கம்தான். ஆனால், பாலத்தை வடிவமைத்தோர் அவ்வுப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. தளத்தின் உப்புநீர் ஓரத் தூலங்களின் மீதே வழிந்தது.

கான்கிரீட்டின் காரத்தன்மை, உள்ளிருக்கும் எஃகின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே மெல்ல இறங்கி அப்படலத்தைச் சிதைக்கிறது. பிறகு ஈரமும் உயிர்வளியும் சேர, எஃகு துருவேறுகிறது. துரு, தான் தோன்றிய எஃகைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. வெடிப்பின் வழியே மேலும் உப்புநீர் புகுகிறது. வெளியில் விரிசல் தெரியுமுன்னே உள்ளே கேடு முற்றியிருக்கும்.

சாம்ப்ளேன் பாலத்தில் தூலங்களும் தளமும் எஃகு வடங்களால் ஒன்றாக இறுக்கப்பட்டிருந்தன. எனவே, பழுதான தூலத்தை மட்டும் கழற்றி மாற்ற இயலவில்லை. புதிய பாலம் கட்டப்படும் என்று 2011-இல் கனடிய அரசு அறிவித்தது. 2013 நவம்பரில் ஓரத் தூலம் ஒன்றில் விரிசல் பெரிதாகவே, 75 டன் எடையுள்ள எஃகுத் தூலம் ஒன்றை வைத்துத் தாங்கினர். இறுதியில் 2019-இல், 57 ஆண்டுகளே உழைத்த பாலம் மூடப்பட்டது. அதனருகே எழுந்த புதிய பாலம் 125 ஆண்டுகள் நிலைக்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது.

உப்புத் தூவியவர்கள் பயணிகளின் உயிரை எண்ணினர். பாலம் கட்டியவர்கள் அதன் வலிமையை எண்ணினர். வழிந்தோடும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை எவரும் போதிய அளவு எண்ணவில்லை. நம் பகுதியில் பனிப்பொழிவு இல்லை. எனினும் கடல் உண்டு. கடற்காற்றும் அதே குளோரைடைச் சுமந்து வருகிறது.

ஆகவே, ஆணிச் சோதனை முடிந்ததும் பாடத்தை முடித்துவிடாமல், "இந்நீர் அடுத்து எங்கே போகும்?" என்றொரு வினாவையும் மாணவர்முன் வைப்போம். நாளைய பாலங்களைக் கட்டப்போகிறவர்கள் அவர்களே.